இரண்டு நிறத்தில் கிரானி சதுரம்: முதல் கண்ணியிலிருந்து முழுப் போர்வை வரை

ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷேயில், நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வெளியே வளரும் கிரானி சதுரத்தைவிட எளிய பாடம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரே நிறத்தில் பின்னும் வரைக்கும் அது உண்மைதான். இரண்டாவது நிறம் உள்ளே வந்தவுடன், அதுவரை நூலோடு நூலாக மறைந்திருந்த இணைப்புகள், சற்றே சாய்ந்த பக்கங்கள், சரியாகக் கோத்து மறைக்காத நூல் முனைகள் எல்லாம் வெளியே வந்து நிற்கும். அதனால் இந்த வழிகாட்டியில் சதுரத்தை எப்படிப் பின்னுவது என்பதைச் சுருக்கமாகவும், நிறம் மாற்றுவது, நூலைக் கணக்கிடுவது, சதுரங்களைக் கோத்துப் போர்வையாக்குவது ஆகியவற்றைச் சற்று விரிவாகவும் எழுதுகிறேன். செயின், ஸ்லிப் ஸ்டிச் இரண்டும் ஓரளவு கைக்கு வந்தவர்களுக்கு இதற்கு மேல் முன்னறிவு தேவையில்லை.

இந்தச் சதுரத்தின் செய்முறை 1885-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் 'பிரெய்ரி ஃபார்மர்' என்ற வேளாண் இதழில் அச்சாகியிருக்கிறது. வீட்டில் மிஞ்சிய துண்டு நூல்களை வீணாக்காமல் பயன்படுத்தும் வழியாகவே இது பரவியது. இப்படிக் கோத்த போர்வையை அமெரிக்காவில் 'ஆப்கான்' என்பார்கள். ஆப்கானிஸ்தானின் பெயரிலிருந்து வந்த சொல் அது. நம் ஊரில் குரோஷே என்றதும் நினைவுக்கு வருவது வெள்ளைப் பருத்தி நூலில் பின்னிய டீப்பாய் விரிப்பும், ஒரு காலத்தில் டிவி பெட்டியின் மேல் கிடந்த உறையும்தான். ஆனாலும் உலகிலேயே பெரிய குரோஷே போர்வை என்ற கின்னஸ் சாதனை 2016-ஆம் ஆண்டு சென்னையில்தான் நிகழ்த்தப்பட்டது. பல கைகள் பின்னிய துண்டுகளை ஒன்றாகக் கோத்து உருவான அந்தப் போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நாம் பின்னப்போவது அதற்குப் பக்கத்தில் ஒரு கைக்குட்டை அளவுதான் என்றாலும், சிறு துண்டுகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்வது என்ற வேலை இரண்டிலும் ஒன்றே.

நூலும் கொக்கியும்

கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூலைத்தான் எடுத்துத் தருவார்கள். போர்வைக்கு அதுவே போதும். விலை குறைவு, எடை குறைவு, சாயம் எளிதில் போகாது, துவைக்கவும் சிரமமில்லை. பருத்தி நூல் நம் வெயிலுக்கு இதமானது என்பது சரியே. ஆனால் பெரிய போர்வை பருத்தியில் மிகவும் கனத்துவிடும், ஈரமானால் அதைத் தூக்குவதே ஒரு வேலையாகிவிடும். நூலின் தடிமனைக் குறிக்கும் 'பிளை' எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், அதை நம்பாமல் உறையில் எத்தனை மி.மீ. கொக்கி பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 4 மி.மீ. கொக்கிக்கு ஏற்ற நூலை வைத்தே இங்கே எல்லா அளவுகளையும் சொல்கிறேன். இவற்றோடு முனை மழுங்கிய, கண் பெரிதான உல்லன் ஊசி ஒன்றும், கத்தரிக்கோலும், நாலைந்து ஊக்குகளும் வேண்டும். சமையலறையில் கிராம் கணக்கில் காட்டும் தராசு இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பது பின்னால் வரும்.

நிறத் தேர்வு

இரண்டு நிறங்கள் தனித்தனியாக அழகாக இருப்பது போதாது. ஒன்று வெளிறியும் மற்றொன்று அடர்ந்தும் இருந்தால்தான் சதுரத்தின் வளையங்கள் தனித்தனியாகத் தெரியும். அரக்கும் பாட்டில் பச்சையும் கடை வெளிச்சத்தில் நன்றாகவே எடுப்பாக இருக்கும். பின்னி முடித்து இரவு விளக்கில் பார்த்தால் இரண்டும் ஒரே இருட்டாகிவிடும். இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு நூல் உருண்டைகளையும் அருகருகே வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். நம் புடவைக் கரைகளே இதற்கு நல்ல பாடம். மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரையும், சந்தன நிறத்துக்கு மயில்கழுத்துக் கரையும் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் தனியே தெரிகின்றன. நான் இங்கே அரக்கையும் சந்தனத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. நூல் உறையில் நிறத்தின் எண்ணோடு சாயத் தொகுதியின் எண்ணும் அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகும் உருண்டைகளாகப் பார்த்து, முழுப் போர்வைக்கும் ஒரே முறையில் வாங்கிவிடுங்கள். என் முதல் போர்வைக்கு அரக்கு நூல் பாதியில் தீர்ந்து, மூன்று மாதம் கழித்து அதே நிற எண்ணைச் சொல்லி வாங்கி வந்தேன். உருண்டையாக இருந்தபோது வித்தியாசமே தெரியவில்லை. கோத்த பிறகுதான் கடைசி இரண்டு வரிசைகள் மட்டும் செங்கல் நிறத்தில் தனித்துக் கிடந்தன. அந்தப் போர்வையை இன்றும் அந்தப் பக்கத்தை மடித்து உள்ளே வைத்தே விரிக்கிறோம்.

நூல் கணக்கு

மூன்று பின்னல்கள் சேர்ந்ததை ஒரு கொத்து என்போம். முதல் சுற்றில் 4 கொத்துகள், இரண்டாவதில் 8, மூன்றாவதில் 12 என்று ஒவ்வொரு சுற்றிலும் நான்கு கொத்துகள் கூடிக்கொண்டே போவதுதான் கிரானி சதுரத்தின் அமைப்பு. ஆகவே நூலும் 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில்தான் செலவாகும். ஐந்து சுற்றுச் சதுரத்தில் மொத்தம் 15 பங்கு. 1, 3, 5-ஆம் சுற்றுகள் அரக்கு என்றால் அது 9 பங்கு. 2, 4-ஆம் சுற்றுகளின் சந்தனம் 6 பங்கு. இரண்டு நிறமும் சமமாக வேண்டும் என்று நினைத்து ஆளுக்குப் பாதியாக வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். கடைசிச் சுற்று மட்டுமே மொத்த நூலில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. ஆறு சுற்றாக நீட்டினால் கணக்கு தலைகீழாகி, வெளிச்சுற்றைப் பிடித்த நிறம் 12 பங்காகவும் மற்றது 9 பங்காகவும் மாறிவிடும். இரண்டும் சரிசமமாகச் செலவாக வேண்டுமென்றால், பாதிச் சதுரங்களை அரக்கில் தொடங்கியும் மறுபாதியைச் சந்தனத்தில் தொடங்கியும் பின்னுவதே வழி.

இனி தராசு. மாதிரிச் சதுரம் ஒன்றைப் பின்னி, முனைகளை மறைத்துவிட்டு எடை போடுங்கள். ஒற்றைச் சதுரத்தின் எடையைச் சமையலறைத் தராசு துல்லியமாகக் காட்டாது என்பதால் ஐந்து சதுரங்களைச் சேர்த்து நிறுத்து, ஐந்தால் வகுப்பது நல்லது. என் கைப்பிடியில் ஐந்து சுற்றுச் சதுரம் ஏறக்குறைய 12.5 செ.மீ. பக்கமும் 7 கிராம் எடையும் வருகிறது. குறுக்கே 10, நெடுக்கே 12 என்று 120 சதுரங்கள் வைத்தால் 125 செ.மீ.க்கு 150 செ.மீ. போர்வை கிடைக்கும், சோபாவில் உட்கார்ந்து காலை மூடிக்கொள்ள அது தாராளம். 120 சதுரங்களுக்கு 840 கிராம். அதில் அரக்கு 504, சந்தனம் 336. சுற்றிலும் மூன்று வரிசைக் கரைக்கு அரக்கில் மேலும் 80 கிராம் வைத்துக்கொண்டு, பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்தால், 100 கிராம் உருண்டைகளாக அரக்கு 7, சந்தனம் 4 வாங்க வேண்டியிருக்கும். உங்கள் கை என் கையைவிட இறுக்கமாகவோ தளர்வாகவோ இருக்கும் என்பதால், இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் மாதிரியின் எடையை வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

சொற்களில் ஒரு குழப்பம்

பின்னல் குறிப்புகளில் அமெரிக்க வழக்கும் பிரிட்டிஷ் வழக்கும் ஒரே பெயரை வெவ்வேறு பின்னலுக்குச் சூட்டியிருக்கின்றன. அமெரிக்கர்கள் டபுள் குரோஷே என்பதை பிரிட்டிஷ்காரர்கள் டிரெபிள் என்கிறார்கள். பிரிட்டிஷ் டபுள் குரோஷே என்பது அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷே. ஒரு குறிப்பில் 'சிங்கிள் குரோஷே' என்ற பெயர் எங்காவது வந்தால் அது அமெரிக்க வழக்கு என்று முடிவு செய்துவிடலாம், ஏனென்றால் பிரிட்டிஷ் வழக்கில் அந்தப் பெயரே கிடையாது. இங்கே நான் பின்பற்றுவது அமெரிக்க வழக்கு. டபுள் குரோஷே என்பது இதுதான்: நூலைக் கொக்கியில் ஒருமுறை சுற்றி, கொக்கியை இடைவெளிக்குள் நுழைத்து நூலை இழுத்தால் கொக்கியில் மூன்று கண்ணிகள் இருக்கும், மறுபடி நூலைச் சுற்றி இரண்டு கண்ணிகள் வழியாக இழுக்க வேண்டும், இன்னொரு முறை சுற்றி, மிஞ்சிய இரண்டின் வழியாக இழுத்தால் ஒரு டபுள் முடிந்தது. இதில் மூன்று சேர்ந்தால் ஒரு கொத்து. பின்னால் வரும் சிங்கிள் குரோஷே என்பது, நூலை முன்பே சுற்றாமல் கொக்கியை நுழைத்து நூலை இழுத்து, மறுபடி நூலைச் சுற்றி, கொக்கியில் இருக்கும் இரண்டு கண்ணிகள் வழியாகவும் ஒரே முறையில் இழுப்பது.

சதுரம்

முதல் சுற்று, அரக்கு நூல். நான்கு செயின் போட்டு, ஸ்லிப் ஸ்டிச்சால் முதல் செயினோடு சேர்த்து வளையமாக்குங்கள். மேஜிக் ரிங் (இழுத்து இறுக்கக்கூடிய நூல் வளையம்) தெரிந்தவர்கள் அதையே செய்யலாம். நடுத்துளை இறுக மூடிக்கொள்ளும், ஆனால் முனையைச் சரியாகக் கோத்து மறைக்காவிட்டால் துவைக்கத் துவைக்க அவிழ்ந்துவிடும். பல வருடம் புழங்கப்போகும் போர்வைக்குச் செயின் வளையத்தையே நான் பரிந்துரைப்பேன். மூன்று செயின் போடுங்கள். அது முதல் டபுளாகக் கணக்காகும். வளையத்துக்குள் இன்னும் இரண்டு டபுள் போட்டால் ஒரு கொத்து. பிறகு இரண்டு செயின், அது மூலை. இப்படி மூன்று டபுளும் இரண்டு செயினுமாக இன்னும் மூன்று முறை செய்து, தொடக்கத்தில் போட்ட மூன்றாவது செயினின் தலையில் ஸ்லிப் ஸ்டிச் போட்டு முடியுங்கள். நூலை 15 செ.மீ. விட்டு வெட்டி, கண்ணி வழியாக இழுத்துவிடுங்கள்.

இரண்டாம் சுற்று, சந்தனம். ஏதாவது ஒரு மூலையில் நூலைச் சேர்த்து, அந்த மூலை இடைவெளிக்குள்ளேயே ஒரு கொத்து, இரண்டு செயின், இன்னொரு கொத்து போட வேண்டும். பிறகு ஒரு செயின் விட்டு அடுத்த மூலைக்குப் போய் அதையே செய்யுங்கள். நான்கு மூலையும் முடிந்தால் எட்டுக் கொத்துகள் இருக்கும்.

மூன்றாம் சுற்றிலிருந்து புதிதாகக் கற்க எதுவும் இல்லை. மூலையில் இரண்டு கொத்தும் நடுவே இரண்டு செயினும்; பக்கத்தில் வரும் ஒவ்வொரு ஒற்றைச் செயின் இடைவெளியிலும் ஒரு கொத்து; கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே ஒரு செயின். சரிபார்க்க ஒரு எளிய கணக்கு போதும்: மூலைக் கொத்துகளையும் சேர்த்து எண்ணினால், ஒரு பக்கத்தில் உள்ள கொத்துகளின் எண்ணிக்கையும் சுற்றின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நான்காம் சுற்றில் ஒரு பக்கத்தில் மூன்று கொத்து மட்டும் இருந்தால் எங்கோ ஒரு இடைவெளியைத் தாண்டியிருக்கிறீர்கள். அப்போதே பிரித்துவிடுங்கள்; அடுத்த சுற்றில் சரிக்கட்டிவிடலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள்.

நிறம் மாறும் இடம்

இரண்டு நிறச் சதுரம் அழகாக வருவதும் வராததும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான குறிப்புகள், புதிய நூலை மூலையில் முடிச்சிட்டு மூன்று செயின் போட்டுத் தொடங்கச் சொல்லும். அந்த மூன்று செயின் மற்ற டபுள்களைவிட மெலிந்து, பக்கத்தில் ஓர் இடைவெளியோடு நிற்கும். ஒரே நிறத்தில் அது தெரியாது. அரக்குக்கு மேல் சந்தனத்தில் அது ஒரு சந்து போலத் தெரியும். அதற்குப் பதிலாக, புதிய நூலில் ஒரு நழுவு முடிச்சைப் போட்டுக் கொக்கியில் மாட்டி, அந்த முடிச்சை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொக்கியில் நூலை ஒரு சுற்று சுற்றி, நேராக மூலை இடைவெளியில் நுழைத்து முழு டபுளாகவே பின்னிவிடுங்கள். விரலை எடுத்தால் முடிச்சு கொக்கியில் சுழன்றுவிடும்; முதல் நான்கைந்து முறை அப்படித்தான் ஆகும். பழகிவிட்டால் எது முதல் டபுள் என்று உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது.

சுற்றை முடிக்கும் இடத்திலும் ஸ்லிப் ஸ்டிச் ஒரு சிறு முண்டாகத் தெரியும். அதையும் தவிர்க்கலாம். கடைசிக் கொத்து முடிந்தவுடன், கடைசியாக வர வேண்டிய ஒற்றைச் செயினைப் போடாமல், நூலை 15 செ.மீ. விட்டு வெட்டி முனையை மேலே இழுத்துவிடுங்கள். அந்த முனையை உல்லன் ஊசியில் கோத்து, சுற்றின் முதல் டபுளின் தலையில் V போலத் தெரியும் இரண்டு இழைகளுக்கும் கீழே நுழைத்து வாங்கி, திரும்பக் கடைசி டபுளின் தலைக்குள்ளேயே இறக்குங்கள். ஊசி வரைந்த அந்தக் கண்ணி, விட்டுப்போன செயினின் இடத்தில் அச்சாக ஒரு செயின் போலவே உட்கார்ந்துகொள்ளும். ரொம்ப இறுக்கினால் அங்கே மட்டும் சுருங்கும் என்பதால் மற்ற செயின்களின் அளவுக்கே இழுக்க வேண்டும்.

ஒவ்வொரு சுற்றையும் வெவ்வேறு மூலையில் தொடங்குவது நல்லது. ஒரே மூலையில் தொடங்கினால் முனைகள் எல்லாம் அங்கே குவிந்து தடித்துப்போகும். அதோடு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் சதுரத்தைத் திருப்பிப்போட்டு அடுத்த சுற்றைத் தொடங்கினால் இன்னொரு குறையும் தீரும். டபுளின் தலை அதன் உடலுக்கு நேர் மேலே இல்லாமல் சற்று ஒரு பக்கமாகவே உட்காரும். எப்போதும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பின்னிக்கொண்டே போனால் சதுரம் லேசாக முறுக்கிக்கொண்டு சாய்சதுரமாகிவிடும். திருப்பிப் பின்னினால் ஒரு சுற்றின் சாய்வை அடுத்த சுற்று சரிசெய்துவிடும்.

இனி முனைகள். ஒரு சுற்றுக்கு இரண்டு முனை என்றால் ஐந்து சுற்றுச் சதுரத்துக்குப் பத்து. 120 சதுரத்துக்கு 1,200. இந்த எண்ணைக் கேட்டுப் பயந்து பாதிப் போர்வையோடு நிறுத்தியவர்கள் பலர். பாதியை வெகு எளிதாகக் குறைக்கலாம். புதிய நூலின் தொடக்க முனையை முந்தைய சுற்றின் மேல் படுக்கப்போட்டு, முதல் இரண்டு மூன்று கொத்துகளை அதன் மேலேயே பின்னிக்கொண்டு போனால் அது உள்ளே புதைந்துவிடும். முடிவு முனையை மட்டும் ஊசியால் கோக்க வேண்டும். அதை அதே நிறக் கொத்துகளின் அடிக்குள் மட்டுமே கோக்க வேண்டும். சந்தனக் கொத்துக்குள் போன அரக்கு முனை என்றைக்காவது ஒருநாள் எட்டிப் பார்க்கும். அக்ரிலிக் வழுக்கும் நூல் என்பதால் ஒரு திசையில் கோத்தால் போதாது. முன்னே ஒருமுறை, ஓர் இழையைத் தாண்டித் திரும்பிப் பின்னே ஒருமுறை, மீண்டும் முன்னே ஒருமுறை என்று மூன்று ஓட்டம் வேண்டும். நூலை வெட்டாமல் சதுரத்தின் பின்புறமாகவே தூக்கிக்கொண்டு போனால் என்ன என்று நானும் ஒருமுறை முயன்று பார்த்தேன். அந்தப் பின்புற இழைகளில் மோதிரமும் கால்விரலும் மாட்டிக்கொண்டே இருந்தன.

வெட்டாமலே ஒரு வழி: மூலைவிட்டச் சதுரம்

நூலை வெட்டாமல் இரண்டு நிறத்தில் பின்ன உண்மையிலேயே ஒரு வழி உண்டு. அதில் நிறங்கள் வளையம் வளையமாக வராமல், சதுரத்தின் ஒரு முக்கோணம் அரக்காகவும் மறு முக்கோணம் சந்தனமாகவும் அமையும். ஒரு சதுரத்துக்கு நான்கே முனைகள். சொல்லும்போது சிக்கலாகத் தோன்றும், கையில் எடுத்தால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

வளையத்துக்குள் அரக்கில் மூன்று செயின், இரண்டு டபுள், இரண்டு செயின், மூன்று டபுள், ஒரு செயின். இப்போது அரக்கைத் தொங்கவிட்டுச் சந்தனத்தை எடுத்து ஒரு செயின் போடுங்கள். ஆக இந்த மூலையின் இரண்டு செயினில் ஒன்று அரக்கு, ஒன்று சந்தனம். இனி சந்தனத்தில் மூன்று டபுள், இரண்டு செயின், மூன்று டபுள், ஒரு செயின். கடைசி மூலையை மூடுவதற்கு, தொடக்க அரக்குக் கொத்தின் தலையில் சந்தனத்தாலேயே ஒரு சிங்கிள் குரோஷே போடுங்கள். ஒரு செயினும் ஒரு சிங்கிளும் சேர்ந்து இரண்டு செயினுக்கு ஈடாகும், கொக்கியும் மூலையின் நடுவிலேயே நிற்கும்.

இப்போது சதுரத்தைத் திருப்புங்கள். கையில் இருப்பது சந்தனம், முன்னால் இருப்பது சந்தனப் பாதி. மூன்று செயின் போட்டு, மூலையில் இரண்டு டபுளோடு தொடங்கி, அந்தப் பாதியைப் பின்னி முடித்தால் நேராக அரக்கு நூல் தொங்கிக்கொண்டிருக்கும் மூலைக்கே வந்து சேர்வீர்கள். அந்த மூலையில் சந்தனத்தின் கொத்தையும் ஒரு செயினையும் போட்டுவிட்டு, அரக்கைத் தூக்கி ஒரு செயின், அதே மூலையில் ஒரு கொத்து என்று மீதிப் பாதியை அரக்கில் முடித்து, சிங்கிளால் மூடித் திருப்புங்கள். இம்முறை கையில் அரக்கு, முன்னால் அரக்குப் பாதி. ஒவ்வொரு சுற்றிலும் இப்படி நூல் உங்களுக்காகச் சரியான மூலையில் காத்திருக்கும். கவனிக்க வேண்டியவை இரண்டு: சதுரத்தின் பின்பக்கத்தில் ஓர் ஊக்கைக் குத்திவைத்துக்கொண்டு, தொங்கும் நூல் எப்போதும் அந்தப் பக்கமே கிடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், தூக்கும் இழையைத் தளர்வாக விடுங்கள். அதை இறுக்கினால் அந்த மூலை மட்டும் கிண்ணம்போலக் குழிந்துவிடும். இந்த வகையில் இரண்டு நிறமும் சரிபாதியாகவே செலவாகும். நான்கு சதுரங்களை அரக்கு மூலைகள் நடுவில் சந்திக்கும்படி வைத்தால் சந்தனப் பின்னணியில் அரக்கு வைரம் ஒன்று கிடைக்கும். ஒவ்வொன்றையும் கால் சுற்று திருப்பி வைத்தால் காற்றாடி கிடைக்கும்.

நீட்டிப் பரப்புதல்

எவ்வளவு கவனமாகப் பின்னினாலும் முதல் சதுரமும் ஐம்பதாவது சதுரமும் ஒரே அளவில் இருக்காது. கை பழகப் பழகத் தளரும். தெர்மகோல் பலகை ஒன்றில் 12.5 செ.மீ. சதுரத்தின் நான்கு மூலைகளைக் குறித்து, நான்கு மூங்கில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்துங்கள். சதுரங்களைத் தண்ணீரில் நனைத்து, துண்டில் சுற்றி ஈரத்தை ஒற்றியெடுத்து, மூலை இடைவெளிகளைக் குச்சிகளில் மாட்டி ஒன்றன் மேல் ஒன்றாகப் பத்துவரை அடுக்கி, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள். சூட்டில் இழை உருகித் தட்டையாகி, துணி தொய்ந்து, பழைய புசுபுசுப்பு திரும்பவே திரும்பாது. ஒரு சதுரம் மற்றவற்றைவிட ஒரு செ.மீ.க்கு மேல் சிறியதாக இருந்தால் இழுத்துச் சரிக்கட்ட முயலாமல் கடைசிச் சுற்றைப் பிரித்துத் தளர்வாகப் பின்னுங்கள்.

கோத்தல்

சதுரங்களைத் தனியே முடித்துப் பிறகு ஊசியால் தைப்பது பழைய முறை. எனக்குப் பிடித்தது, எல்லாச் சதுரங்களையும் நான்காம் சுற்றோடு நிறுத்தி வைத்துக்கொண்டு, ஐந்தாம் சுற்றைப் பின்னும்போதே பக்கத்துச் சதுரத்தோடு சேர்த்துக்கொண்டு போவது. கடைசிச் சுற்று எல்லாவற்றிலும் அரக்கு என்பதால் போர்வை முழுவதும் அரக்கில் ஒரு கட்டம் தானாக உருவாகிவிடும். தையல் என்று தனியாக எதுவும் கண்ணில் படாது. இப்படிச் செய்வதானால் பரப்பிக் காயவைக்கும் வேலையை நான்கு சுற்றுச் சதுரத்திலேயே, மூலைக் குறிகளை அதன் அளவுக்குக் குறுக்கி, முடித்துக்கொள்ள வேண்டும். அப்படியே மாதிரிக்கு எடைபோட்ட சதுரங்களை மட்டும் கடைசிச் சுற்றைப் பிரித்து வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் சதுரத்தின் ஐந்தாம் சுற்றை வழக்கம்போல முழுமையாகப் பின்னிவிடுங்கள். இரண்டாவது சதுரத்தில், சேர வேண்டிய பக்கத்துக்கு வந்ததும் மூலையில் ஒரு கொத்து, ஒரு செயின் போட்டு, கொக்கியை முதல் சதுரத்தின் மூலை இடைவெளியில் நுழைத்து ஒரு சிங்கிள் குரோஷே போட்டுவிட்டு, திரும்ப உங்கள் மூலையிலேயே அடுத்த கொத்தைப் போடுங்கள். பக்கம் நெடுக, கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே வரும் ஒற்றைச் செயினுக்குப் பதிலாக, எதிரே உள்ள சதுரத்தின் இடைவெளியில் ஒரு சிங்கிள். அடுத்த மூலையில் ஒரு கொத்து, எதிர் மூலையில் ஒரு சிங்கிள், ஒரு செயின், ஒரு கொத்து. அவ்வளவுதான். நான்கு சதுரங்கள் சந்திக்கும் இடத்தில் மட்டும் எந்த மூலையில் நுழைப்பது என்று குழப்பம் வரும். நேர் எதிரே மூலைவிட்டத்தில் உள்ள சதுரத்தின் மூலையில் நுழைத்துச் சேர்த்தால் அந்த இடம் கூட்டல் குறி போலச் சீராக அமையும். பக்கத்துச் சதுரத்தில் நுழைத்தால் நடுவில் ஒரு துளை விழும்.

கரை

கோத்து முடித்த போர்வையின் விளிம்பில் முதல் வரிசையை அதே கிரானி முறையில் போடலாம். இரண்டு சதுரங்கள் சேரும் இடத்தில் இரண்டு மூலை இடைவெளிகள் அருகருகே வரும். இரண்டிலும் ஒவ்வொரு கொத்து போட்டு, நடுவே செயின் விடாமல் செல்லுங்கள். செயின் விட்டால் விளிம்பு அலை அலையாக மடியும். இரண்டாம் வரிசையைச் சந்தனத்திலும் மூன்றாவதை அரக்கிலும் போடலாம் என்ற ஆசை வரும். அது அழகாகவே இருக்கும், ஆனால் அதற்கான சந்தன நூலைத் தொடக்கக் கணக்கிலேயே சேர்த்திருக்க வேண்டும். கடைசி வரிசை சிங்கிள் குரோஷேயாக இருந்தால் விளிம்பு இறுகி, இழுபடாமல் நிற்கும்.

வாஷிங் மெஷினில் போடுவதானால் வலைப்பையில் இட்டு, குளிர்ந்த நீரில், மென்மையான சுழற்சியில் துவைக்கலாம். ஈரமான போர்வையைக் கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீண்டு, மேலே உள்ள சதுரங்கள் செவ்வகமாகிவிடும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதன் மேல் விரித்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு கொடிகளுக்கு நடுவே தூளிபோலப் பரப்பி, நிழலில் காயவையுங்கள்.